மேசையை விட்டு எழாதவர்

அவரை எழுப்புவது கடினம். உறக்கத்திலிருந்து அல்ல, நாற்காலியிலிருந்து. ஒரு காரியத்துக்காக ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், அது முடியும்வரை அவரை அங்கிருந்து அகற்ற அரசு அலுவலகங்களால் முடிந்ததில்லை. கோலாலம்பூரின் பங்சார் பகுதியில் குளிரூட்டப்பட்ட ஒரு நிறுவனத்தால் முடியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து சார்ந்திருந்த திருச்சபையாலும் முடியவில்லை. கடைசியில் ஒரு நோயால் முடிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மருத்துவன் என்ற முறையில் அந்த நோயை நான் அறிவேன். அதற்கு இவ்வளவு இடம் கொடுத்ததே அதிகம்.

பெயரையும் எழுதப் போவதில்லை. அது அடக்கம் கருதி அல்ல. அடக்கம் அவருக்குச் சற்றும் பிடிக்காத குணம். “நல்லா செஞ்சேன்னு நானே சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா, டாக்டர்? மத்தவங்களுக்கு நான் என்ன செஞ்சேன்னே புரியாது லா” என்பார், எங்கள் மலேசியப் பேச்சின் ‘லா’வைச் சேர்த்து. பெயரைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மீதிப் பாதி தங்களுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்த அளவில் அவரை எழுதி வைப்பதே என் நோக்கம்.

நான் சிறுநீரக மருத்துவன். பணி ஓய்வுக்குப் பிறகு, வசதியற்ற நோயாளிகளுக்காக நடத்தப்பட்ட ஓர் அறக்கட்டளையின் இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களை மேற்பார்வையிட்டு வந்தேன். கிள்ளானில் ஒன்று, பந்திங்கில் ஒன்று, அலுவலகம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். அவரோ ரயில்வே குடும்பத்தில் பிறந்து, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். எங்கள் கணினிகளைப் பொறுப்பேற்று நடத்த ஒருவர் தேவைப்பட்டபோது யாரோ அவரைப் பரிந்துரைத்தார்கள். செயற்குழு அவரை அழைத்துப் பேசியது. பேசி முடிந்ததும், வழக்கறிஞரான எங்கள் தலைவர் வழக்கமான மரியாதையுடன் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார்.

“ரொம்ப நன்றி, மேடம். நாங்க கலந்து பேசி முடிவு பண்ணிட்டு சொல்றோம்.”

“பேசுங்க.”

“இல்ல மேடம், நீங்க கொஞ்சம் வெளிய...”

“வெளிய வெயில் லா. நீங்க பேசுங்க, நான் குறுக்க பேசமாட்டேன்.”

தம் கைப்பையிலிருந்து தட்டையான ஒரு சிறு மெத்தையை எடுத்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். எந்த நாற்காலியும் தமக்காகச் செய்யப்பட்டதல்ல என்பது அவருடைய நெடுநாள் குறை. ஆகவே மெத்தை எப்போதும் உடன் இருக்கும். குழு வேறு வழியின்றி அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி விவாதித்தது. வயது சற்று அதிகமோ என்று ஓர் உறுப்பினர் தயங்கியபோது, ஆமாம் என்பதுபோல அவரே தலையசைத்தார். இறுதியில் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். ஒருவரை அவர் முகத்துக்கு நேரே மறுக்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. எங்கள் அறக்கட்டளை எடுத்த முடிவுகளுள் ஆகச் சிறந்தது, இவ்வாறு கோழைத்தனத்தால் விளைந்தது.

அவர் கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ அரிதாகவே போனார். பிரிக்பீல்ட்ஸில் தம் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடியே அங்குள்ள சர்வர்களை நடத்தினார். இது எவ்வாறு இயலும் என்று ஒருமுறை கேட்டேன். கையில் வட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இயந்திரத்தில் செருகினால்தானே செத்த கணினியை உயிர்ப்பிக்க முடியும்? ஆளில்லாமல் வட்டு எப்படி உள்ளே போகும்?

“சர்வர் செத்தாலும் அதுக்குள்ள ஒரு வாச்மேன் முழிச்சிருப்பான், டாக்டர். சின்னக் கம்ப்யூட்டர். அவனுக்குத் தனி நம்பர் உண்டு. நான் இங்கிருந்து அவனைக் கூப்பிட்டு, ‘தம்பி, என் லேப்டாப்புல ஒரு வட்டு இருக்கு, அது உன் வாயில இருக்கிறதா நெனச்சுக்க’ன்னு சொன்னா, நெனச்சுக்குவான். சர்வரும் நம்பிடும். அந்த வட்டுல இருந்து எந்திரிச்சிடும்.”

“நீங்கள் சொல்வது அவனுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?”

“ஒரே வரி. டைப் பண்ணி என்டர் தட்டணும், அவ்வளவுதான். படம் காட்டி, பொத்தான் காட்டி செய்யறதும் இருக்கு. அதுக்கு நல்ல லைன் வேணும். எழுத்து எந்த ஓட்டை லைன்லயும் போயிடும்.”

அந்தக் கட்டளை வரியின் ஒரு பண்பை நான் பின்னர்தான் கவனித்தேன். வேலை செய்யும்போது அது எதுவும் பேசாது. தட்டச்சு செய்த வரிக்குக் கீழே திரை வெறுமையாக இருக்கும். அடுத்த கட்டளைக்கான குறி திரும்பி வந்துவிட்டால் பிடி நழுவிவிட்டது என்று பொருள். வராதவரையில், இங்கிருக்கும் வட்டைத் தொலைவில் ஓர் இயந்திரம் வாசித்துக்கொண்டே இருக்கிறது. அதுவரை மடிக்கணினியை மூடக் கூடாது, உறங்கவிடக் கூடாது, இணைப்பிலிருந்து பிரிக்கக் கூடாது. இந்தத் தொழில் அவருக்கு வாய்த்ததா, இதற்கென்றே அவர் படைக்கப்பட்டாரா என்பதை என்னால் தீர்மானிக்க முடிந்ததில்லை.

பிடிப்பதைப் போலவே விடுவதிலும் ஒழுங்கு வேண்டும் என்பதைப் பங்சாரில் கண்டோம். பந்திங் நிலையத்துக்காக ஒரு நிறுவனத்திடம் புதிய சர்வர் வாங்கியிருந்தோம். நோயாளிகளின் விவரங்களை ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்த்தபோது அதற்கு ஒரு விசித்திரமான வியாதி இருப்பது தெரிந்தது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது தன்னைத் தானே துடைத்தழித்துக்கொண்டு புதிதாகப் பிறந்தது. நேற்று எழுதிய எதுவும் அதற்கு இன்று நினைவில்லை. நாங்கள் இருவரும் அந்த நிறுவனத்துக்குப் போனோம். மேலாளர் இளைஞர், நல்ல உடை, நல்ல ஆங்கிலம்.

“ஹார்ட்டிஸ்க் பிரச்சினை மாதிரி இருக்கு, ஆன்டி. பார்ட்ஸ் ஆர்டர் பண்ணணும். அடுத்த வாரம் கூப்பிடுறோம்.”

“ஹார்ட்டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நீங்க இங்கிருந்து வட்டைக் காட்டி இன்ஸ்டால் பண்ணீங்க இல்ல? பண்ணின ஆளு கழட்ட மறந்துட்டாரு. உங்க ஆபீஸ்ல ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல அந்த விண்டோ இன்னும் திறந்து கிடக்கு. சர்வர் எந்திரிக்கும்போதெல்லாம் முதல்ல அந்த வட்டைத்தான் பாக்குது. பாத்ததும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது.”

“அப்படி இருக்க சான்ஸே இல்ல, ஆன்டி.”

“சரி. அவசரம் இருந்தா நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

மெத்தை வெளியே வந்தது. அவர் உட்கார்ந்தது வருவோர் போவோர் அனைவரும் பார்க்கும் வரவேற்பறையின் நடுவில். உள்ளே வந்த ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், “இவங்ககிட்டயா வாங்கப் போறீங்க?” என்று அன்பாக விசாரித்தார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, கேள்வி மட்டும்தான். மதிய உணவுக்கு முன்பே அலுவலகம் முழுவதும் தேடத் தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு வந்த பரிசுக் கூடைகளுக்குப் பின்னால், திரை அணைந்த நிலையில், ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையை ஒளிரவிட்டார்கள். அந்த வரி இருந்தது. அதன் கீழே வெறுமை. விடுமுறைக்குப் போன ஒரு பொறியாளர் விட்டுச்சென்ற வட்டு, பண்டிகை முடிந்தும் பந்திங்கின் வாயில் இருந்தது.

மேலாளர் மன்னிப்புக் கேட்டார். இவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வரும் வழியெல்லாம் வென்றவரின் பசியோடு அதைத் தின்றார். ஆனால் அந்த நிறுவனம் தந்த சர்வரை அதன்பின் அவர் நம்பவில்லை. பந்திங் நோயாளிகளின் விவரங்களையும் கிள்ளான் சர்வரிலேயே வைப்பது என்று ஏற்பாடு செய்தார். அதன் விளைவு பின்னால் வருகிறது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் அவர் தினமும் வந்தார். மருத்துவனாகிய நான் நடைக்கூடத்தில் அலைந்தேன், அறிக்கைகளைப் படித்தேன், இளம் மருத்துவர்களை அவர்கள் விடை அறிந்த கேள்விகளாலேயே வருத்தினேன். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. அவர் உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஒரு தாதி வந்து சொன்னார்.

“ஆன்டி, விசிட்டிங் டைம் முடிஞ்சிடுச்சு.”

“எனக்கும் கேட்டுச்சு மா.”

தாதி திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் போனார். என் மனைவிக்கும் அவருக்கும் பேசிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஒருவர் திருமுறை, மற்றவர் ஞானப்பாட்டு. ஆயினும் என் மனைவி அவருடைய கையை விடவில்லை என்று பின்னர் அந்தத் தாதியே என்னிடம் சொன்னார். இதைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

இனி வெள்ளம். சிலாங்கூர் மாநிலம் முழுவதையும் மூழ்கடித்த அந்த மழை விட்ட மறுநாள் காலை, மிஸி கமலா என்னைக் கைபேசியில் அழைத்தார். மிஸி என்றால் எங்கள் ஊர் வழக்கில் தாதி. இவர் கிள்ளான் நிலையத்தின் தலைமைத் தாதி. நிலையம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் நிலையத்தின் அலுவலக அறை. வெள்ளம் கீழ்த்தளத்தை நிரப்பி வடிந்திருந்தது. காகிதக் கோப்புகள் கூழாகிவிட்டன. சர்வரின் நகலைச் சேமிக்கும் பெட்டியும் கீழேதான் இருந்தது. அங்கே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்து வைத்தோம். அந்தக் கூட்டத்துக்கு அவர் வந்திருக்கவில்லை. அவர் இல்லாத கூட்டங்களில்தான் அத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்டன.

மாடியில் இருந்த சர்வரையும் சுத்திகரிப்பு இயந்திரங்களையும் வெள்ளம் தொடவில்லை, தொட்டியில் நீர் இருந்தது, மின்சாரமும் திரும்பியிருந்தது. மிஸி தம் தாதியருடன் அங்கேயே தங்கியிருந்தார். பந்திங் நிலையம் மட்டும் இன்னும் வெள்ளத்தில் இருந்ததால், சுத்திகரிப்புக்கு நாள் தவறிய பந்திங் நோயாளிகளை உயரமான ஒரு லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்கு அனுப்பியிருந்தார்கள். பந்திங் தாதியர் யாரும் உடன் வர இயலவில்லை. அவர்களுடைய தொலைபேசிகளும் செத்திருந்தன. மிஸி இந்த நோயாளிகளை முன்பின் பார்த்ததில்லை.

“டாக்டர், எல்லாரையும் உக்கார வெச்சாச்சு. ஆனா சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. யாருக்கு என்னன்னு தெரியாம நான் எப்படி மெஷின்ல போடுறது?”

இதன் பொருளை விளக்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் கிருமி இரத்தத்தில் உள்ளவர்களுக்கென்று எங்கள் நிலையங்களில் தனி இயந்திரங்கள் உண்டு. மாற்றி வைத்தால் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போகக்கூடும். நோயாளிகளிடமே கேட்கலாமே என்று தோன்றும். லோரியில் உடன் வந்த அண்டை வீட்டார் காதில் விழும்படி, தமக்கு அந்தக் கிருமி இருக்கிறது என்று யார் சொல்வார்? மிஸி ஒவ்வொருவராகத் தனியே கேட்டிருந்தார். எல்லோரும் இல்லை என்றார்கள். எல்லோருக்கும் இல்லாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் மிஸிக்கும் தெரியும்.

“அதுல பாக்கியம்னு ஒரு அம்மா, டாக்டர். மூச்சு வாங்குது. ஆக்சிஜன் வெச்சிருக்கேன், பத்தல. அவங்க ரொம்ப நேரம் தாங்கமாட்டாங்க.”

பெரிய மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, பாலத்தை மூடிவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலைகளும் நீரில். பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தேடி நான் நடந்தே போனேன்.

அவர் தம் தேவாலய மண்டபத்தில் இருந்தார். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக அங்கே சமையல் நடந்துகொண்டிருந்தது. நான் செய்தியைச் சொன்னதும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கையைத் துடைத்தார், மடிக்கணினியை எடுத்தார். மழையில் அவர் வீட்டு இணைப்பு செத்திருந்தது. மண்டபத்தில் ஆராதனையை நேரலையாக ஒளிபரப்புவதற்கான ஒரு கம்பி இணைப்பு இருந்தது. அதன் அருகில் இருந்த நீண்ட மேசையில் உட்கார்ந்து, கம்பியைச் செருகினார்.

“டாக்டர், போனை ஸ்பீக்கர்ல போடுங்க. மிஸி, சர்வர் ஸ்கிரீன்ல என்ன இருக்கு? அப்படியே படிங்க.”

“கறுப்பா இருக்கு மேடம். பூட் டிவைஸ் இல்லன்னு வெள்ளையா எழுதியிருக்கு.”

“நல்லது.”

“நல்லதா?”

“இல்லன்னு சொல்றதுக்காவது உயிர் இருக்கு லா.”

எழுவதற்கு வேண்டிய வட்டு தெரியவில்லை என்பதே அந்த எழுத்தின் பொருள். வெள்ளத்தின்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் சர்வரின் இயங்குதளம் சிதைந்திருக்க வேண்டும். விவரங்கள் வேறு வட்டில் இருப்பதால் அவை பிழைத்திருக்கும் என்பது அவர் கணிப்பு. பழுது பார்க்கும் சிறிய வட்டு ஒன்றின் பிம்பம், அதாவது கோப்பாக்கிய நகல், அவருடைய மடிக்கணினியில் இருந்தது. அந்த ஒரு வரியைத் தட்டினார். திரை வெறுமையாயிற்று. கிள்ளான் மாடியில் இருந்ததோ கைபேசிச் சிம் போட்ட ஒரு சிறு இணைப்புப் பெட்டி. அதன் வழியாக அந்த வட்டு சொட்டுச் சொட்டாகப் போகத் தொடங்கியது.

அப்போது சமையலுக்குத் தலைமை தாங்கிய கிரேஸ் வந்தார். பாடகர் குழுவில் இவருக்குப் பக்கத்தில் நிற்பவர், பள்ளித் தோழி.

“ஏய், எந்திரி டி. இந்த மேசை வேணும். நாசி லெமாக் கட்டணும். லோரி வந்து நிக்குது.”

“அந்த மேசையில கட்டு.”

“அதுல சம்பல் இருக்கு.”

“அப்ப என் மடியில வெச்சுக் கட்டு. நான் எந்திரிக்க மாட்டேன்.”

கிரேஸ் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். மடிக்கணினியைச் சுற்றி வாழையிலைகள் விரிந்தன. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு விழுந்தது, நெத்திலி விழுந்தது. கட்டிய பொட்டலங்களை உண்மையிலேயே இவர் மடியில் அடுக்கத் தொடங்கினார்கள். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சூடா இருக்கு டி,” என்று மட்டும் சொன்னார்.

பிறகு குறி திரும்பி வந்தது. வெற்றுத் திரையில் அந்தச் சிறு அடையாளம் மினுக்கியது. பிடி நழுவிவிட்டது. அவர் தலையைத் திருப்பி மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே விளக்குகள் எரிந்தன. ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால் இளம் போதகர் நின்றிருந்தார்.

“பாஸ்டர்! லைன்ல யாரு?”

“நான்தான் ஆன்டி. லைவ் ஆரம்பிச்சுட்டோம். நிவாரணத்துக்கு வேண்டுகோள். நிறைய பேர் பாத்துட்டு இருக்காங்க.”

“நிறுத்துங்க.”

“ஆன்டி, இது கர்த்தருடைய வேலை.”

“இதுவும் அவர் வேலைதான். ஆனா லைன் ஒன்னுதான் இருக்கு.”

“கொஞ்ச நேரம், ஆன்டி. முடிச்சுட்டுத் தந்துடுறேன்.”

அவர் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார். “மிஸிகிட்ட சொல்லுங்க, டாக்டர். போனை அந்த அம்மா வாய்கிட்ட வெக்கச் சொல்லுங்க. பாஸ்டர் கேக்கட்டும்.”

மிஸி அப்படியே செய்தார். நான் கைபேசியை உயர்த்திப் பிடித்தேன். பாக்கியம் அம்மாவின் மூச்சு அந்த மண்டபத்தில் கேட்டது. ஈரமான, குமிழிக்கும் மூச்சு; நீருக்குள்ளிருந்து இழுக்கப்படும் மூச்சு. இலை கட்டிய கைகள் நின்றன. போதகர் ஒளிப்பதிவுக் கருவியை அணைத்தார். பிறகு ஓடிப்போய், மண்டபத்தில் இருந்த அனைவரும் தங்கள் கைபேசிகளை இணைப்பிலிருந்து துண்டிக்கும்வரை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். நல்ல மனிதர்.

மறுபடியும் அந்த வரி. மறுபடியும் வெறுமை.

நேரம் போனது. கிள்ளான் திரை கறுப்பாகவே இருந்தது. மிஸி கேட்டார்.

“மேடம், ஒன்னுமே வரல. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டா?”

“மிஸி, ரெண்டு கையையும் பாக்கெட்ல விடுங்க.”

“யூனிஃபார்ம்ல பாக்கெட் இல்ல மேடம்.”

“அப்ப பாக்கியம் அம்மா கையைப் பிடிச்சுக்குங்க. அந்தப் பொத்தான் பக்கம் போகவே கூடாது. அது வாசிச்சுட்டு இருக்கு. நம்புங்க.”

என் கடமை வேறு. ஒரு பக்கம் அந்த மூச்சு, மறுபக்கம் தெரியாத இரத்தம். இன்னும் சிறிது நேரத்தில், எதுவும் தெரியாமலே ஏதாவது ஓர் இயந்திரத்தில் பாக்கியம் அம்மாவை இணைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பின்விளைவை அவரோ வேறொருவரோ ஆயுள் முழுவதும் சுமக்க நேரலாம். மிஸியிடம் இயந்திரத்தைத் தயார் செய்யச் சொன்னேன். மேசையில் இருந்தவரிடம், இதற்குமேல் காத்திருக்க இயலாது என்றேன்.

“உங்க முடிவு உங்களது, டாக்டர். நான் குறுக்க வரமாட்டேன்.” கண் திரையிலேயே இருந்தது. “ஆனா நான் எங்கயும் போகல.”

கிரேஸ் ஓசை வராமல் இலையை மடித்தார். எந்த இயந்திரம் என்பதைச் சொல்ல நான் வாயெடுத்தபோது மிஸி கத்தினார்.

“எழுத்து வருது! மேடம், வரிவரியா ஓடுது!”

மண்டபம் ஆர்ப்பரித்தது. எதற்கு ஆர்ப்பரிக்கிறோம் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் சிரிக்கக்கூட இல்லை. இப்போது அவருடைய திரையின் மறுபாதியிலும் எழுத்துகள் வந்திருந்தன; கிள்ளான் சர்வர் அவர் விரல்களுக்குக் கீழ்ப்படியத் தொடங்கியிருந்தது. சிதைந்த இடங்களைச் சரிசெய்யவா என்று அது கேட்டது. ஆமென் சொல்வதுபோல அவர் ஒவ்வொன்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டினார். அது முடிந்ததும் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

“இப்பத்தான் கவனமா விடணும், டாக்டர். வட்டைக் கழட்டாம ரீஸ்டார்ட் பண்ணினா திரும்பவும் இதுக்குள்ளயே போய் விழும். பங்சார் கூத்து.”

அதன்பின் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். குறி திரும்பி வந்தது. இம்முறை அவரே திரும்ப அழைத்தது. பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்தார். அது தன் சொந்த வட்டிலிருந்து, தானாக, எழுந்தது.

“பேரெல்லாம் வந்துடுச்சு, மேடம்! பந்திங் ஆளுங்க எல்லாரும் இருக்காங்க! சிவப்புக் குறி போட்டவங்க...”

“மிஸி! சத்தமாப் படிக்காதீங்க. அவங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க.”

மிஸி மனத்துக்குள்ளேயே வாசித்தார். பிறகு தணிந்த குரலில் என்னிடம், “பாக்கியம் அம்மாவுக்கு எதுவும் இல்ல, டாக்டர். சாதா மெஷின். எடையும் போட்டிருக்கு,” என்றார். அகற்ற வேண்டிய நீரின் அளவைச் சொன்னேன். இரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியதை மிஸி அறிவித்தார். மற்றவர்களையும் அவரவர்க்குரிய இயந்திரங்களில், ஏன் என்று யாருக்கும் விளங்காதபடி, உட்காரவைத்தார்கள்.

மண்டபத்தில் கைதட்டல். போதகர் வந்து அவருடைய தோளைத் தொட்டார். அவர் புகழை முறையாகப் பெற்றுக்கொண்டார். “நல்லா செஞ்சேன், இல்ல?” என்று எல்லோரையும் கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

“இனி நீங்கள் எழலாமே,” என்றேன். “சர்வர் எழுந்துவிட்டது.”

“சர்வருக்காகவா உக்காந்தேன்?”

ஆகவே காத்திருந்தோம். கிரேஸ் அவர் மடியிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து லோரிக்கு அனுப்பினார். யாரோ கோப்பி கொண்டுவந்து வைத்தார்கள்; அவர் தொடவில்லை. மண்டபத்தின் வேலை அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

கைபேசி ஒலித்தது. மிஸி.

“டாக்டர், பாக்கியம் அம்மா தலைமாட்டைத் தாழ்த்தச் சொன்னாங்க. நேரா படுத்துட்டாங்க. தூங்குறாங்க.”

நுரையீரலில் நீர் நிறைந்தவரால் படுக்க முடியாது. படுத்தால் மூழ்குவார், ஆகவே இரவும் பகலும் உட்கார்ந்தே மூச்சுக்குப் போராடுவார். அவர் தாமாகக் கேட்டுப் படுத்தார் என்றால், நீர் வடிந்துவிட்டது என்று பொருள். எந்த ஆய்வுக்கூட அறிக்கையும் எனக்கு அதைவிடப் பெரிதல்ல. இதை நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னேன்.

“படுத்துட்டாங்களா,” என்றார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அன்று புடவை கட்டாததால் மேசைத் துணியில் துடைத்து, மீண்டும் அணிந்தார். மடிக்கணினியை மூடினார். பிறகு மேசையில் இரு கைகளையும் ஊன்றி, மண்டபம் முழுவதும் கேட்கும்படி, பாடகர் குழுவில் அவருக்கு என்றும் அனுமதிக்கப்படாத உரத்த குரலில் அழைத்தார்:

“கிரேஸ்! மேசையை எடுத்துக்க!”